தராசை விட்டு டேப்பை எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் ‘ஒரே மாதத்தில் 10 கிலோ’ என்று எடை குறைப்பதைப் பற்றி வந்த பக்கத்தைக் கல்யாணப்பெண் ஒருத்தி என் கடைக்குக் கையோடு எடுத்து வந்தாள். “ஆன்ட்டி, ரவிக்கையை ரெண்டு இஞ்ச் குறைச்சே தைச்சிடுங்க, அதுக்குள்ள இளைச்சிடுவேன்” என்றாள். கல்யாணத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. அவளுக்காகத்தான் இந்தக் கடிதம்.

சுங்கை சிப்புட்டில் 26 ஆண்டாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒல்லி என்று நாம் சொல்கிற பலருக்குத் தோள் அப்படியே இருக்கும், கை கால் குச்சியாகவே இருக்கும், இடுப்பு மட்டும் வருடா வருடம் ஏறும். என் அண்ணன் அப்படித்தான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், தோட்டம் செம்பனைக்கு மாறியதும் டவுனுக்கு வந்து காவலாளி ஆனார். 61 கிலோவைத் தாண்டியதே இல்லை. “ஒல்லியா இருக்கிற உனக்கு என்ன நோய் வரப்போகுது” என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். ஆனால் அவருடைய காற்சட்டை இடுப்பை 30இலிருந்து 36 வரை பிரித்துத் தைத்தது நான்தான். காலில் ஆறாத புண்ணோடு மருத்துவமனைக்குப் போனபோது இரத்தத்தில் சீனி 19 மில்லிமோல், மிக அதிகம். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அளந்தவள் நான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

தாதியாக இருக்கும் என் மகள்தான் பிறகு விளக்கினாள். முள் குத்திய இடம் சிவந்து, சுட்டு, வீங்குகிறதே, அதுதான் அழற்சி; புண்ணை ஆற்ற உடம்பு செய்கிற வேலை. வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து அதன் செல்கள் உப்பினால், அங்கேயும் வெள்ளணுக்கள் வந்து கூடிவிடுமாம். இந்த அழற்சிக்கு வலியும் கிடையாது, சிவப்பும் கிடையாது. நீறுபூத்த நெருப்பாக ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதிலிருந்து கசிகிறவை இன்சுலினை வேலை செய்ய விடுவதில்லை, இரத்தக் குழாயையும் கெடுக்கின்றன. பருத்த எலிகளின் கொழுப்பில் இப்படி ஒரு பொருள் ஊறுவதை 1993இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இந்தியர்களான நமக்கு இது கூடுதல் கவலை. 2004இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே மருத்துவ இதழில் போட்டுக் காட்டினார்கள். உயரத்துக்கு எடை பார்க்கும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. உடம்பிலிருந்த கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2.

சரி, குண்டாக இருந்தால் பரவாயில்லையா? அப்படிச் சொல்ல வரவில்லை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை கூடுதல். தோட்டத்தில் அம்மா சீனி அள்ளிப் போட்ட வரக்காப்பியைக் குடித்துவிட்டு நானூறு ஐந்நூறு மரத்துக்கு நடந்தார். அந்த நடை போய்விட்டது, சீனி மட்டும் நம்மோடு டவுனுக்கு வந்து, டின் பால் ஊற்றிய தே தாரேவில் உட்கார்ந்துகொண்டது.

எதிர்வீட்டு அக்கா 84 கிலோ. ஓராண்டாகத் தினமும் சாயங்காலம் தமிழ்ப்பள்ளித் திடலைச் சுற்றி நடக்கிறார். தே தாரேவை விட்டு, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறினார். எடை நான்கு கிலோதான் குறைந்தது. என் டேப்பிலோ இடுப்பு மூன்று இஞ்ச் குறைந்திருக்கிறது. சீனியும் இரத்த அழுத்தமும் இறங்கி, கிளினிக்கில் மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். “இவ்வளவு நடந்தும் இளைக்கவே இல்லையே” என்று விருந்துக்குப் போன இடத்தில் ஒருவர் சொல்ல, அக்கா நடப்பதையே நிறுத்தப் போனார். அந்தப் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. எடை அசையாவிட்டாலும், நடக்க நடக்க உள்வயிற்றுக் கொழுப்பு கரையும்.

அப்புறம், இளைக்க வைக்கும் காப்பி, பொடி. இவற்றில் சிபுட்ராமின் கலந்திருப்பதாக நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிவிடும் என்று 2010இலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையை நிறுத்திய மருந்து அது. கல்யாணப்பெண்ணின் கைப்பையிலும் அப்படி ஒரு பாக்கெட் இருந்தது.

‘முன்பு, பின்பு’ படங்களுக்குப் பதிலாக ஒரு ஞாயிறு இதைப் போடுங்கள் ஐயா: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை விட்டபின் டேப்பைச் சுற்ற வேண்டும். பாவாடை நாடா கட்டும் இடம் அல்ல. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால், ஒல்லியோ குண்டோ, கிளினிக்கில் இரத்தம் பார்த்துவிட வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு அவள் அளவுக்கே ரவிக்கை தைத்திருக்கிறேன். பில்லின் பின்பக்கம் அவள் இடுப்பளவைச் சென்டிமீட்டரில் எழுதி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வாங்க வருவாள்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரப் பெண்மணி,
சுங்கை சிப்புட், பேராக்.