அரபு எல்லைகள் ஒரே கோட்டில் பிறந்தவை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேற்காசியாவில் சண்டை மூளும்போதெல்லாம் நம் தமிழ் ஏடுகளில் ஒரு வரைபடம் தலைகாட்டுகிறது. முதல் உலகப் போரின்போது, 1916-இல், துருக்கியரின் உதுமானியப் பேரரசிடமிருந்த அரபு நிலங்களைப் பங்கிட பிரிட்டனின் பிரதிநிதி சைக்ஸும் பிரான்சின் பிரதிநிதி பிக்கோவும் இரகசியமாகப் போட்ட கோடுதான் இன்றைய அரபு நாடுகளின் எல்லை என்று அதன் கீழே எழுதியிருக்கும். நம் மாணவர்களும் அதையே தேர்வில் எழுதுகிறார்கள். அது தவறு.

அந்தப் படத்தை இன்றைய படத்தோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். மோசூல் பிரான்சின் செல்வாக்கு வட்டாரத்துக்குள் இருக்கும். இன்று அது ஈராக்கின் நகரம். பாலஸ்தீனத்தின் பெரும்பகுதி அனைத்துலக நிர்வாகத்துக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். அப்படி ஒரு நிர்வாகம் அமையவே இல்லை. இன்று துருக்கியில் இருக்கும் அடானாவும் பிரான்சின் நேரடி ஆட்சிக்கென நீல நிறமிட்ட பகுதியில் கிடக்கும். லெபனானும் ஜோர்டானும் தனி நாடாக அதில் கிடையாது.

இன்றைய எல்லைகள் பிறகுதான், ஒவ்வொன்றாக வந்தன. 1918 டிசம்பரில் பிரான்சின் பிரதமர் கிளெமான்சோ மோசூலைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தார். துருக்கி அதற்கு உரிமை கோருவதைக் கைவிட 1926 ஆயிற்று. 1920 ஏப்ரலில் இத்தாலியில் நடந்த சான் ரெமோ மாநாடு, இந்த நிலங்களை நிர்வகிக்கும் ஆட்சிப் பொறுப்புகளை (மேண்டேட்) பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் பங்கிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் டமாஸ்கஸில் ஃபைசலை அரசராக்கி அரபுகள் தங்கள் அரசை அறிவித்திருந்தார்கள். ஜூலை 24 அன்று டமாஸ்கஸ் அருகே மைசலூனில் பிரெஞ்சுப் படை அந்த அரசின் படையை முறியடித்தது. ஃபைசலின் போர் அமைச்சர் யூசுஃப் அல்-அஸ்மா களத்திலேயே உயிர்விட்டார். எல்லாம் ஒரு கோட்டில் முடிந்தது என்று எழுதும்போது இந்த மனிதர்கள்தாம் காணாமல் போகிறார்கள். செப்டம்பர் 1 அன்று பிரெஞ்சு ஜெனரல் கூரோ திரிப்போலி, சைதா, பெக்கா சமவெளி முதலியவற்றை லெபனான் மலைப் பகுதியோடு சேர்த்து 'பெரிய லெபனான்' என்று அறிவித்தார். குவைத்துக்கும் ஈராக்குக்கும் நஜ்துடன் (இன்றைய சவூதியின் நடுப்பகுதி) உள்ள எல்லைகளை 1922-இல் உக்கைரில் வகுத்தவர் ஈராக்கின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் பெர்சி காக்ஸ். 1965-இல் ஜோர்டானும் சவூதியும் தாங்களே பேசி நிலம் மாற்றிக்கொண்டன. அகாபாவில் ஜோர்டானின் கடற்கரை நீண்டது அப்போதுதான்.

நமக்குப் பழகிய கணக்கில் சொல்வதானால், 1824-ஆம் ஆண்டு ஆங்கிலேய–டச்சு ஒப்பந்தமே மலேசியாவின் எல்லை முழுவதையும் வகுத்தது என்று எழுதுவதைப் போன்றது இது. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகியவற்றைச் சயாமிடமிருந்து பிரிட்டன் பெற்ற 1909 எங்கே போயிற்று?

உண்மையில் அதிகம் எழுதப்பட வேண்டியது 1915 அக்டோபர் 24 தேதியிட்ட கடிதம். எகிப்திலிருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் மெக்மஹோன் அதை மக்காவின் ஆட்சியாளரும் ஃபைசலின் தந்தையுமான ஷரீஃப் ஹுசைனுக்கு எழுதினார். அரபு விடுதலைக்கு ஆதரவு உண்டு, ஆனால் டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ மாவட்டங்களுக்கு மேற்கே உள்ள சிரியப் பகுதிகள் சேராது என்றார். 'மாவட்டம்' என்பதற்கு அரபு வடிவத்தில் இருந்த சொல் 'விலாயத்'. நம் 'விலாயா பெர்செக்குத்துவான்' (மலேசியாவின் கூட்டரசுப் பிரதேசம்) என்பதில் உள்ள அதே சொல். உதுமானிய ஆட்சியில் அதற்கு மாகாணம் என்று பொருள். டமாஸ்கஸ் மாகாணம் தெற்கே அகாபா வரை நீண்டது. அப்படிப் படித்தால் பாலஸ்தீனம் அதற்கு மேற்கே விழுகிறது, வாக்குறுதியில் சேராது. ஆனால் ஹோம்ஸுக்கும் ஹமாவுக்கும் தனி மாகாணமே இருந்ததில்லை. ஆகவே நகரும் சுற்றுப்புறமும் என்றுதான் கொள்ள வேண்டும் என்பது அரபுத் தரப்பின் வாதம். அப்படிக் கொண்டால் பாலஸ்தீனம் மேற்கே இல்லை, தெற்கே இருக்கிறது, வாக்குறுதிக்குள் வந்துவிடுகிறது. முன்னதே சரி என்று பிரிட்டன் 1922 வெள்ளை அறிக்கையில் சாதித்தது. அரபுகள் இதை நம்பிக்கைத் துரோகமாகக் கருதுவதற்கு வலுவான காரணம் உண்டு என்பதே எங்கள் முடிவு.

அடுத்த முறை அந்தப் படத்தை அச்சிடும்போது, 'போர்க்காலப் பங்கீட்டுத் திட்டம், 1916. பெரும்பாலும் நிறைவேறாதது' என்று கீழே குறிப்பிட்டு, 1920-க்குப் பிந்தைய ஆட்சிப் பொறுப்பு வரைபடத்தையும் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர்கள் சிலர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு