பயண மியூசிக் ஸ்டாண்ட் உடைந்தது குறித்தும் உத்தரவாதம் மறுக்கப்பட்டது குறித்தும் புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மடக்கு மியூசிக் ஸ்டாண்டின் கழுத்து வளையம் பிளந்தமை, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் வயலின் கலைஞர். வெளியூர்களில் வாசிக்கப் போகும்போது கையோடு கொண்டுசெல்வதற்காகவே தங்கள் நிறுவனத்தின் எடை குறைந்த அலுமினிய ஸ்டாண்டை வாங்கினேன். ஒத்திகையில் வாசித்துக்கொண்டிருந்தபோது, இசைத்தாள் வைக்கும் தட்டும் நடுக்கம்பியும் சேரும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் வளையம் பிளந்துவிட்டது. தட்டு முன்புறம் கவிழ்ந்து தாள்கள் தரையெங்கும் சிதறின. தட்டு வயலின் மீது விழாததால் வயலின் தப்பியது.

உடனே தங்கள் சேவைப் பிரிவுக்குப் படங்களுடன் எழுதினேன். "அளவுக்கு மீறிய எடை வைத்ததால் உடைந்தது, உத்தரவாதத்தில் வராது" என்று பதில் வந்தது. உடைந்ததைவிட இந்தப் பதில்தான் எனக்கு அதிக வருத்தம் தந்தது.

நான் வைத்திருந்தது ஏ4 அளவில் நூறு பக்கமுள்ள ஒரே ஒரு புத்தகம். 80 ஜிஎஸ்எம் (அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்றின் எடை சுமார் 5 கிராம். நூறு பக்கத்துக்கு 50 தாள். ஆக 250 கிராம். மெல்லிய அட்டையைச் சேர்த்தாலும் 300 கிராமைத் தாண்டாது. இசைத்தாளுக்குப் பதிலாக டேப்லெட்டைப் பார்த்து வாசிப்பவர்கள் இன்று ஏராளம். பெரிய திரையுள்ள டேப்லெட்டுகள் பலவும் உறை இல்லாமலே 600 கிராமைத் தாண்டும். ஒரு புத்தகத்தையே தாங்காத ஸ்டாண்டை அவர்கள் எந்த நம்பிக்கையில் பயன்படுத்துவார்கள்? அது மட்டுமல்ல, எவ்வளவு எடை வரை வைக்கலாம் என்று பெட்டியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை. அளவையே சொல்லாமல் அளவு மீறியதாக என்மீது பழி போடுவது நியாயமா?

உடைந்த வளையத்தைப் பார்த்தாலே காரணம் தெரிகிறது. திருகு நுழையும் துளையிலிருந்து மேலும் கீழுமாக நேர்க்கோட்டில் விரிசல் ஓடியிருக்கிறது. தட்டைச் சாய்த்து வைக்கும்போது புத்தகத்தின் எடை கம்பிக்கு நேர்மேலே இருப்பதில்லை, சற்று முன்னால் தள்ளி நிற்கிறது. அதனால் தட்டு முன்னோக்கிக் கவிழப் பார்க்கும். பக்கத்தைப் புரட்டும் கையின் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது இந்த ஒரு வளையம்தான். தட்டு இறங்காமலிருக்கத் திருகை இறுக்கித்தான் ஆக வேண்டும். இறுக்க இறுக்க, திருகின் முனை கம்பியில் ஊன்றி வளையத்தை வெளிப்புறமாக விரிக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் எத்தனை நாள் தாங்கும்? எடையைக் குறைத்தது குற்றமல்ல. கால்களுக்கு அலுமினியம் போட்டது நல்ல முடிவு. இரும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அடர்த்திதான் அதற்கு. ஆனால் விசையெல்லாம் வந்து குவியும் மூட்டில் போய் மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். அதே வளையத்தை உலோகத்தில் செய்திருந்தால் சில கிராம்கள்தான் கூடியிருக்கும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவுகளும் வாங்குபவருக்கு உதவுவதாக இல்லை. எடை 600 கிராம் என்கிறது. தராசில் வைத்தால் 840 காட்டுகிறது. தட்டையும் பையையும் விட்டுவிட்டு, கால்களையும் கம்பியையும் மட்டும் எடை போட்டிருக்கிறீர்கள். தட்டில்லாத ஸ்டாண்டை யார் எடுத்துச் செல்வார்கள்? உயரமும் அப்படியே. தட்டின் மேல்விளிம்பு வரை அளந்த உயரத்தை அச்சிட்டிருக்கிறீர்கள். நின்று வாசிப்பவருக்குத் தேவை தாள் நிற்கும் கீழ்விளிம்பின் உயரம். அந்த அளவு எங்கும் இல்லாததால், முழு உயரத்துக்கு ஏற்றிய பிறகும் குனிந்துதான் வாசிக்க வேண்டியிருக்கிறது. வயலினைத் தோளில் வைத்துக்கொண்டு கழுத்தைக் குனிந்தபடி வாசிப்பது எவ்வளவு வலி தரும் என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

மூன்று கால்களில் ஒன்று தட்டு சாயும் பக்கம், அதாவது வாசிப்பவரை நோக்கி இருக்க வேண்டும் என்ற அடிப்படைக் குறிப்புகூடக் கையேட்டில் இல்லை. கனமான ஸ்டாண்டில் இதைக் கவனிக்காவிட்டாலும் சமாளித்துவிடலாம். எடை குறைந்ததில் இதுதான் அது கவிழாமல் நிற்பதற்கே ஆதாரம்.

ஸ்டாண்டின் முழு விலையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதே வளையம் பொருத்திய மாற்று ஸ்டாண்ட் எனக்கு வேண்டாம். உலோக வளையத்தைத் தனி உதிரிப் பாகமாக விற்க முன்வந்தால், ஏற்கெனவே இதை வாங்கியவர்கள் முழு ஸ்டாண்டையும் குப்பையில் போட வேண்டியிருக்காது. பெட்டியில் தட்டும் பையும் சேர்ந்த எடை, கீழ்விளிம்பு வரையிலான உயரம், தாங்கும் எடை ஆகிய மூன்றையும் அச்சிடுங்கள். பயணத்துக்கு ஸ்டாண்ட் தேடுபவர் இவற்றைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்.

15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் அனுப்புங்கள். உத்தரவாதம் பொருந்தாது என்றே மீண்டும் சொல்வதானால், எந்த எடை வரம்பை நான் மீறினேன் என்பதையும், அந்த வரம்பு எங்கே அச்சிடப்பட்டிருக்கிறது என்பதையும் அந்தப் பதிலில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீதின் நகல், பிளந்த வளையத்தின் படங்கள், தராசில் வைத்து எடுத்த படம்