மூட்டு வீங்கினால் தொண்டையையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்காலம் வந்தால் டெங்கு, சிக்குன்குனியா என்று மாறி மாறி எழுதுகிறீர்கள், நல்லதுதான். தொண்டை வலியைப் பற்றியும் நாலு வரி எழுதக்கூடாதா?

எனக்கு 36 வயது. போன நவம்பரில் எச்சில்கூட விழுங்க முடியாத தொண்டை வலி, காய்ச்சல். உப்புத் தண்ணீர் கொப்பளித்து, மிளகுப் பால் குடித்து, தெருமுனை மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையை இரண்டு நாள் போட்டு, வலி குறைந்ததும் மீதியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்து ஒரு காலையில் தரையில் காலை ஊன்ற முடியவில்லை. வலது முழங்கால் வீங்கியிருந்தது, மறுநாள் கணுக்காலும் சேர்ந்துகொண்டது. பெரம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

2006 சிக்குன்குனியாவை இன்னும் மறக்காத பக்கத்து வீட்டு மாமி நிலவேம்புக் கஷாயத்தோடு வந்தார். முதலில் பார்த்த டாக்டர் சிக்குன்குனியாவுக்கும் யூரிக் ஆசிடுக்கும் ரத்தம் எடுத்தார், இரண்டிலும் ஒன்றுமில்லை. வலி மாத்திரைக்கும் பெரிதாக மசியவில்லை. மூன்று வாரம் இப்படியே போனது. அடுத்துப் பார்த்த டாக்டர்தான், "இதுக்கு முன்னாடி தொண்டை வலி வந்துச்சா?" என்று கேட்டார். அவ்வளவுதான், ஒரே கேள்வி!

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி தொண்டையோடு நின்றுவிட்டாலும், அதை எதிர்க்கக் கிளம்பிய நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைப் பதம் பார்க்குமாம். பிள்ளைகளுக்கு அதிகம் வரும் ருமாட்டிக் காய்ச்சலும் இதே கிருமியால்தான், ஆனால் அதில் வலி மூட்டு விட்டு மூட்டு தாவும், தொண்டை வலிக்கும் அதற்கும் இரண்டு மூன்று வார இடைவெளி இருக்கும். எனக்கு வந்தது சீக்கிரமே வந்து, பிடித்த மூட்டை விடாமல் இருந்தது. இதயத்தைத் தொடுவது அபூர்வம் என்றாலும் எக்கோ எடுத்துப் பார்த்தார்கள், நல்லவேளை ஒன்றுமில்லை. ஏ.எஸ்.ஓ. ரத்தப் பரிசோதனையில் அளவு கூடியிருந்தது. அது கிருமி அண்மையில் வந்துபோனதற்கான தடயம்தான், அந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் பயப்பட வேண்டாம் என்றார்.

தொண்டை வலி எல்லாவற்றுக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம், பெரும்பாலும் வைரஸ்தான். ஆனால் ஸ்ட்ரெப் என்று தெரிந்து டாக்டர் பென்சிலின் மாத்திரையைப் பத்து நாளுக்கு எழுதினால், பத்து நாளும் போட வேண்டும். என்னைப்போல கடையில் கேட்டு வாங்கி, பாதியில் நிறுத்துபவர்கள் சென்னையில் எத்தனை பேரோ.

அடுத்த மழைக்காலச் சிறப்புப் பக்கத்தில், மூட்டு வலி என்று டாக்டரிடம் போகிறவர்கள் போன மாதத் தொண்டை வலியையும் சொல்லுங்கள் என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள், சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை - 11