ஒப்பந்தம் முடிந்த பிறகும் மெக்கானிக் போனில் எங்கள் வீட்டு விவரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரை பைபாஸ் ரோட்டில், கீழே கடைகளும் ஒரு கிளினிக்கும் மேலே வீடுகளும் உள்ள அடுக்குமாடியில் சங்கப் பொருளாளராக இருக்கிறேன். லிப்ட், ஜெனரேட்டர், மோட்டார் என்று எது ரிப்பேர் ஆனாலும் இப்போது செயலியில்தான் புகார் போடுகிறோம். பராமரிப்பு நிறுவனம் அதைப் பார்த்து உரிய ஆளுக்கு அனுப்பும், அவர் வந்து வேலையை முடித்து போட்டோ எடுத்துப் போடுவார். ஒரு பிளம்பரை வரவழைக்கப் பத்து போன் போட்ட காலத்துக்கு இது எவ்வளவோ மேல்.

போன மாதம் காளவாசல் மருந்துக் கடை வாசலில், முன்பு எங்களுக்கு ஏசி பார்த்த தம்பியைப் பார்த்தேன். அவர்கள் ஒப்பந்தம் முடிந்து எட்டு மாதம் இருக்கும். "அக்கா, உங்க பில்டிங் வேலையெல்லாம் இன்னும் என் போனுக்கு வந்துக்கிட்டே இருக்குக்கா, சொல்லி எடுக்கச் சொல்லுங்க" என்று திரையைக் காட்டினார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மூன்றாவது மாடி வீட்டுக்காரர் குழாய் ஒழுகுகிறது என்று போட்ட புகார், அதன் கீழே, 'திருச்செந்தூர் போகிறோம், ஞாயிறுதான் வருவோம், சாவி எதிர்வீட்டில்' என்று குறிப்பு, கூடவே அவர் செல் நம்பர். அந்தத் தம்பி நல்லவர், அதனால் தானாகவே சொன்னார். ஆனால் அவர் கடையில் ஐந்து பேருக்கும் ஒரே லாகின், அதில் இரண்டு பேர் வேலையை விட்டே போய்விட்டார்களாம்!

விசாரித்த பிறகுதான் புரிந்தது. ஒரு வெண்டரை, அதாவது வேலை பார்க்க வரும் ஒப்பந்தக்காரரை, செயலியில் சேர்க்கும்போது 'இந்தக் கட்டடம்' என்று ஒரு டிக் போடுகிறார்கள், அவ்வளவுதான். தனி பங்களா என்றால் அது சரி. பல பேருக்குப் பொதுவான கட்டடத்தில், லிப்ட் பார்க்க வருபவருக்கு கிளினிக்கின் ஏசி புகாரும் தெரிகிறது, வீடுகளின் புகாரும் தெரிகிறது. ஒரு பெயிண்டர் போட்ட கொட்டேஷனை இன்னொருவர் பார்க்க முடிகிறது. போன வருடம் இரண்டாவதாக வந்தவர் முதல் ஆளைவிட கொஞ்சமே கொஞ்சம் குறைத்துக் கேட்டது இப்போதுதான் எனக்கு உறுத்துகிறது.

சின்ன விஷயம் என்று விட வேண்டாம். 2013-ல் அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரிய கடை நிறுவனத்திடமிருந்து சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் திருடு போனது. திருடர்கள் உள்ளே நுழைந்தது அந்த நிறுவனத்துக்குக் குளிர்சாதன வேலை பார்த்துவந்த ஒப்பந்தக்காரரின் லாகின் வழியாகத்தான்.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டவும் முடியாது. சித்திரைத் திருவிழா சமயத்தில் ஒரு ராத்திரி, ஒரு பாட்டியும் பேரனும் எங்கள் லிப்டில் மாட்டிக்கொண்டார்கள். வந்த ஆளுக்கு அந்த லிப்டின் பழைய ரிப்பேர் விவரமும், மொட்டைமாடி மெஷின் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் போனிலேயே தெரிந்ததால்தான் கால் மணி நேரத்தில் இறக்கினார். அவருக்கு அது எந்நேரமும் தெரியட்டும், ஆனால் லிப்ட் மட்டும். மற்றவர்களுக்கு எந்த வேலை கொடுத்தோமோ அது மட்டும் தெரிந்தால் போதும், வேலை முடிந்ததும் அது மறைந்துவிட வேண்டும். லாகினும் கடைக்கு ஒன்று என்றில்லாமல் ஆளுக்கு ஒன்று, அவரவர் செல்லுக்கு வரும் ஓடிபியோடு. அப்புறம், ஒப்பந்தம் முடியும் தேதியை முதல் நாளே பதிந்துவிட்டால் அன்றைக்குத் தானாக மூடிக்கொள்ளும், யாரும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை.

2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், விவரத்தை எதற்காக வாங்கினார்களோ அந்தத் தேவை முடிந்தால் அழிக்கச் சொல்கிறது, பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம். அதுவரை எங்கள் சாவி விவரம் யார் யார் போனிலோ கிடக்க வேண்டுமா?

அந்தத் தம்பியின் லாகினை அன்றைக்கு ராத்திரியே மூடப் பார்த்தேன். மூடும் பொத்தான் சங்கத்திடம் இல்லை. நிறுவனத்துக்கு மெயில் போட்டு, இரண்டு தடவை போன் செய்து, மூட நான்கு நாள் ஆனது. மதுரையில் இப்படிச் செயலி வைத்திருக்கும் சங்கங்கள் தங்கள் கட்டடத்துக்குள் யார் யாருக்கு லாகின் இருக்கிறது என்ற பட்டியலை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள், அந்தப் பொத்தானையும் கேளுங்கள்.

இப்படிக்கு,
சங்கப் பொருளாளர் ஒருவர்,
பைபாஸ் ரோடு, மதுரை.