நன்றி சொல்ல விசா வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் அறுவடைப் பண்டிகைக்கு ஆயத்தம் தொடங்கிவிட்டது. வாழைக்குலையும் பூசணிக்காயும் முருங்கைக்காய்க் கட்டும் பீடத்துக்கு முன்னால் குவியும். ஆராதனை முடிய ஏலம் நடக்கும். சின்ன வயது முதல் எனக்கு மிகவும் பிடித்த நாள் அது. ஆனால் மற்ற நாட்களில் எங்கள் நன்றி எங்கே போய்விடுகிறது என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

சாட்சி நேரத்தில் எழும்புகிறவர்கள் சொல்வதைக் கவனியுங்கள். மகனுக்குக் கனடா விசா கிடைத்தது, மகள் ஏ.எல். உயர்தரப் பரீட்சையில் மூன்று ஏ எடுத்தாள், வீடு கட்டி முடிந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சொல்லட்டும், நியாயமான சந்தோசம்தான். ஆனால் விசா மறுக்கப்பட்டவரும் அதே வாங்கில்தான் இருக்கிறார். கிழமைக்குக் கிழமை இதையே கேட்டால், தனக்கு நன்றி சொல்ல ஒன்றுமில்லை என்றுதானே அவருக்குத் தோன்றும்? பெரிய காரியம் நடந்தால்தான் ஸ்தோத்திரம் என்று பிள்ளைகளும் பழகிவிடுகிறார்கள்.

என் அம்மம்மா உலையில் அரிசி போடமுன் ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருந்த மண்முட்டிக்குள் போடுவார். போடும்போது வாய்க்குள் ஒரு சின்ன ஜெபம். அதுதான் பிடியரிசி. முட்டி நிறைந்ததும் கோயிலுக்குப் போகும், அங்கிருந்து இல்லாத வீட்டுக்குப் போகும். 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டிப் போனதே, அந்த இடப்பெயர்வில் நாங்களும் போனோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நாலைந்து குடும்பங்கள். நிவாரண அரிசியிலும் அம்மம்மா அந்தப் பிடியை எடுத்தார். முட்டிக்குப் பதில் ஒரு பால்மாப் பேணி. அது நிறையும்வரை வைத்திராமல், பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்தவளின் பானைக்குள் அன்றன்றே கொட்டிவிடுவார்.

அகதியானதற்கு அவர் நன்றி சொல்லவில்லை. அன்றைக்கு உலையில் போட அரிசி இருந்ததே, அதற்குச் சொன்னார். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு வீதியில் இருக்கும் தாயிடம், "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற வேத வசனத்தைச் சொல்லிவிட்டு வருவது கொடுமை. அதே அதிகாரத்தில் சில வசனங்களுக்கு முன்புதான் பவுல், "திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள்" என்கிறார். அதைச் செய்யாமல் மற்றதைச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று அழும் 13ஆம் சங்கீதமும் ஜெபம்தான்.

நன்றி சொல்ல எதுவுமில்லை என்பவர்கள் கிணற்றடிக்குப் போய்ப் பார்க்கலாம். வற்றாத ஆறு எங்களுக்கு இல்லை. வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். மாரிமழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித்தான் எங்கள் கிணறுகள் ஊறுகின்றன. சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடுகிறோம், தண்ணீர் குடிக்கமுன் எத்தனை பேர் நினைக்கிறோம்?

மனிதருக்குச் சொல்ல வேண்டிய நன்றியையும் கடவுளோடு முடித்துவிடுகிறோம். விடியமுன் கோயில் திறந்து கூட்டுகிறவர், மணி அடிக்கிறவர், குப்பை எடுக்க வரும் பிரதேச சபைத் தொழிலாளி, இவர்களுக்கு வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்கிறோமா? இயேசுவால் குணமான பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் சமாரியன். இந்த வேதபாகத்தை ஆண்டுதோறும் கேட்டுவிட்டு, கூட்டிப் பெருக்குகிறவரின் பெயர் தெரியாமல் வீட்டுக்குப் போகிறோம்.

போதகர்மாரிடமும் சபை மூப்பர்களிடமும் என் வேண்டுகோள்: இந்த அறுவடைப் பண்டிகையில் சாட்சி நேரத்தைச் சின்னக் காரியங்களுக்கு விடுங்கள். நேற்று நடந்த ஒன்றைச் சொல்லட்டும், உதவியவர் யார் என்றும் சொல்லட்டும். வீடுகளில் பிடியரிசி முட்டியைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். ஒரு நேரச் சாப்பாட்டோடு நாளைக் கழிக்கும் வீடுகள் எங்கள் வட்டாரத்திலேயே இருக்கின்றன; அந்த அரிசி போய்ச்சேர இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மானிப்பாய்.