உறையில் இருக்கும் துப்பாக்கிக்கும் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காவலரின் துப்பாக்கியைப் பறித்துச் சுட முயன்றதாகச் செய்தி வரும்போதெல்லாம் "துப்பாக்கி வைத்திருந்தும் எப்படி விட்டார்?" என்றுதான் கேட்கிறார்கள். அது இடுப்பு உறையில் இருந்திருக்கும், அவர் குனிந்து விலங்கு மாட்டிக்கொண்டோ எதையாவது எழுதிக்கொண்டோ இருந்திருப்பார். துப்பாக்கி சுமக்கும் யாராக இருந்தாலும், குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுப்பதில் பாதி அக்கறையாவது அதைப் பறிகொடுக்காமல் இருப்பதிலும் வேண்டும்.

டென்னிஸ் டூலர் என்ற அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் 1983லேயே எழுதிவிட்டார்: 21 அடி தூரத்தை ஒருவன் ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் ஓடிக் கடப்பான், பயிற்சி உள்ளவர் உருவிச் சுடவும் அதே நேரம் ஆகும். அப்படியிருக்க, கை எட்டும் தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று விசாரிப்பது என்ன தைரியமோ! துப்பாக்கி இருக்கும் பக்கத்தைப் பின்னால் வைத்து, சற்று ஒருக்களித்து நிற்கலாமே.

மீறி எதிராளி உறையில் கை வைத்துவிட்டால், அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுக்கத்தான் தோன்றும். இழுத்தால் கூடவே துப்பாக்கியும் வந்துவிடும். அவன் கையோடு சேர்த்து அதை உறைக்குள்ளேயே, முடிந்தால் இரண்டு கையாலும், கீழே அழுத்தி, முழங்காலை மடக்கி உடம்பைத் தாழ்த்தி, இடுப்பை வெடுக்கென்று திருப்ப வேண்டும். காவலரே துப்பாக்கியை உருவிவிட்டார், ஆள் பக்கத்தில் வந்துவிட்டான் என்றால் கையை நீட்டவே கூடாது, விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடை அவன் இறுகப் பிடித்துவிட்டால் ஒரு குண்டு வெடித்தாலும் அடுத்தது ஏறாமல் போகலாம்.

அப்புறம் துப்பாக்கியைக் காவலரின் உடையோடு பிணைக்கும் அந்த லான்யார்டு கயிறு. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைத் தடுக்கும், சரி. பறித்த இடத்திலேயே சுடுவதை அது எப்படித் தடுக்கும்? கட்டைவிரலால் பூட்டை விடுவித்தால்தான் திறக்கும் உறைகள் இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது, பழகாவிட்டால் அவசரத்தில் போட்டிருப்பவரே திறக்கத் தடுமாறுவார்.

இதையெல்லாம் இருவர் இருவராக, பிளாஸ்டிக் டம்மியை வைத்துத்தான் பழக வேண்டும். குண்டு இல்லை என்று பத்து முறை பார்த்திருந்தாலும் உண்மைத் துப்பாக்கியை அந்த அறைக்குள்ளேயே விடக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்