என் செவெல் மீண்டும் ஓடத் துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய நண்பர்களுக்கு, வணக்கம்.

மூன்று குளிர்காலங்களாக மிச்சிகனில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் நின்றிருந்த 1969ஆம் ஆண்டு செவ்ரலே செவெல் கார், சென்ற ஞாயிற்றுக்கிழமை சாலைக்கு வந்தது. 60 மைல் வேகத்தில் கியர் கம்பியின் குமிழில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், அதிர்வே இல்லை. அதற்குக் காரணமான உங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். பெயர்களைக் குறிப்பிட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால், செய்த உதவியை மட்டும் சொல்கிறேன்.

வண்டி என் கைக்கு வந்தபோது அதன் 396 கன அங்குல எஞ்சின் இல்லை. மன்சி எனப்படும் நான்கு கியர் பெட்டியும், எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரமான பழைய ஃப்ளைவீலும், 12 போல்ட் பின் அச்சும் மட்டுமே எஞ்சியிருந்தன. எழுபதுகளின் ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய 454 எஞ்சினை வாங்கினேன். 396, 454 இரண்டும் மார்க் 4 என்ற ஒரே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், பழைய ஃப்ளைவீலின் ஆறு துளைகளும் 454இன் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டில் அச்சாகப் பொருந்தின. போல்ட்டுகளை முறுக்கும் தறுவாயில்தான் ஓய்வுபெற்ற கடைசல்காரரான பெரியவர் உள்ளே வந்தார்.

ஐயா, அன்று நீங்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. 454இன் முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் வட்டான பேலன்சரை என் கையில் கொடுத்து மெல்லச் சுழற்றச் சொன்னீர்கள். கனம் ஒரு பக்கமாக இழுத்தது. 396இல் எதிரெடை முழுவதும் கிராங்க் ஷாஃப்டுக்குள்ளேயே அடங்கியிருக்கும் என்றும், பிஸ்டன் நகரும் தூரமான ஸ்ட்ரோக் 3.76 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாக நீண்ட 454இல் அதன் ஒரு பகுதி முன்னே பேலன்சரிலும் பின்னே ஃப்ளைவீலிலும் வைக்கப்பட்டிருக்கிறது என்றும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எதிரெடையில்லாத பழைய ஃப்ளைவீலை மாட்டியிருந்தால், நான் காசைக் கொட்டிப் போட்ட மெயின் பேரிங்குகள் அதிர்ந்தே தேய்ந்திருக்கும். 454க்கென்றே செய்த ஃப்ளைவீலைத் தேடித் தந்த உதிரிக் கிடங்கு நண்பர், என் ஸ்டார்ட்டருக்கு ஒத்துவர வேண்டுமே என்று பல்வளையத்தின் 168 பற்களையும் சாக்பீஸால் குறியிட்டு எண்ணிய பிறகே அதைக் கொடுத்தார்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்கான சில கிராங்க் ஷாஃப்டுகளில் கியர் பெட்டித் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் புஷ் அமரும் துளை முழு அளவுக்குக் கடையப்பட்டிருக்காது. என்னுடையதும் அப்படியே இருந்தது. அதைக் கடைந்து கொடுத்த பட்டறையாருக்கு நன்றி.

உதிரிபாகக் கடையில் பணிபுரியும் அம்மையாருக்கு நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். மன்சிக்கு கிளட்ச் தட்டு வேண்டும் என்று நான் கேட்டதும், கியர் பெட்டியின் உள்ளீட்டுத் தண்டில் எத்தனை பற்கள் என்று எண்ணிவிட்டு வரும்படி என்னைத் திருப்பி அனுப்பினார். 1970 வரை வந்தவற்றில் பெரும்பாலும் 10 பற்கள், 1971 முதல் 26. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கைமாறிய வண்டியில் எந்தப் பெட்டி எப்போது மாற்றப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? ஆண்டை நம்பாமல் பற்களை எண்ணச் சொன்ன அந்த அக்கறை எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. என்னுடையதில் 10.

நுண்ணிய விலகலை அளக்கும் டயல் கேஜை இரவல் தந்ததோடு, இரண்டு மாலைப் பொழுதுகளை எங்களுக்காக ஒதுக்கிய அலுவலக நண்பரே, எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் மையம் விலகியிருக்கக்கூடும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் நான் அளந்தே பார்த்திருக்க மாட்டேன். கேஜை ஃப்ளைவீலில் பொருத்தி, என் மனைவி நீண்ட ஸ்பேனரால் கிராங்கை அங்குலம் அங்குலமாகத் திருப்ப, நீங்கள் டார்ச் வெளிச்சத்தில் முள்ளைப் படித்தீர்கள். 0.005 அங்குலத்தைத் தாண்டக்கூடாத இடத்தில் 0.014 காட்டியது. விலகல் அதில் பாதி என்பதால், கூட்டை எஞ்சினில் இடம்பொருத்தும், 0.007 அங்குலம் மையம் தள்ளிய டவல் பின்களை வரவழைத்தோம். மறுமுறை அளந்தபோது 0.003இல் முள் நின்றதும் மூவரும் ஒரே குரலில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. மையம் விலகிய கியர் பெட்டி பைலட் புஷ்ஷையும் முன் பேரிங்கையும் சிறுகச் சிறுக அரித்துவிடும். பழைய பெட்டிகள் பல வீணாகப் போவது இதனால்தான் என்பது என் எண்ணம்.

பின் அச்சை மாற்றிவிடலாமா என்று தடுமாறியபோது, முதல் கியரின் விகிதமான 2.52ஐ அச்சின் விகிதமான 3.31ஆல் பெருக்கிக் காட்டி, 8.34 வருகிறது, தெருவில் ஓட்ட இது போதும் என்று தடுத்த தம்பிக்கும் நன்றி.

454 எஞ்சின் 1969இல் செவெலுக்கு வந்ததில்லை. இதை அசல் எஞ்சின் என்று யாரும் நம்பி ஏமாறக்கூடாது. ஆகவே எஞ்சினின் முன்புற முத்திரை எண்ணில் நான் கைவைக்கவில்லை; வண்டி பிறர் கைக்குப் போகும் நாளில் இம்மடலும் அதன் கோப்பில் இருக்கும்.

பழைய 396 ஃப்ளைவீலை எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அதன் முகம் தேய்மானமின்றி நன்றாக இருக்கிறது. உங்களில் யாருக்கேனும், அல்லது உங்களுக்குத் தெரிந்தவர் எவருக்கேனும், 396க்கு அது தேவைப்பட்டால் சொல்லுங்கள். விலையின்றி, அஞ்சல் செலவையும் ஏற்று அனுப்பி வைக்கிறேன்.

மிக்க நன்றியுடன்,
செவெல் உரிமையாளர்
மிச்சிகன்